தெரிஞ்சவங்க வந்தா?

"நான் ஒண்ணுமே பண்ணலை, அதுவா ஆயிடுச்சு" என்று சொல்லாத ஒரு வாடிக்கையாளரை இந்தத் தொழிலில் நான் இன்னும் பார்க்கவில்லை. எல்லாரும் அப்பாவிகள். கணினிதான் தானே எழுந்து, கண்ட கண்ட வலைத்தளத்துக்கெல்லாம் தானே போய், வைரஸை மடியில் கட்டிக்கொண்டு வீடு திரும்புகிறது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வந்தால் மறைக்கத் தெரியாது. இந்த வணிக வளாகத்தில் எனக்கு 'வைரஸ்' என்றே பெயர். பார்க்கிற வேலைக்காக வைத்த பெயர் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். குணத்துக்காக வைத்தது என்று பக்கத்து ஜெராக்ஸ் கடை அக்காதான் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

என் கடை மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. உள்பக்கம் போனால் நிமிர முடியாது. மேலே யார் ஏறினாலும் இறங்கினாலும் என் மண்டைக்குள் நடப்பதுபோல் கேட்கும். நான் தனிக்கட்டை. கூடப் பிறந்த அக்கா ஒருத்தி வேறு ஊரில் இருக்கிறாள். அவளும் நானும் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொள்வது அவளுடைய பிரிண்டர் மக்கர் செய்யும்போது மட்டும்தான். சமீபகாலமாக அந்தப் பிரிண்டர் நன்றாக ஓடுகிறது.

அட்மிஷன் அம்மா என்று நான் பின்னால் பெயர் வைத்த அந்த அம்மா முதல்முறை போன் செய்தபோது நான் ஒரு மடிக்கணினியின் வயிற்றைப் பிளந்து வைத்திருந்தேன். வாயில் ஒரு திருகாணி.

"தம்பி, என் கம்ப்யூட்டர்ல யார் யாரோ வந்து வந்து போறாங்க."

"யாரும்மா வர்றாங்க?"

"பேர் சொல்ல மாட்டேங்கறாங்க. டிங்னு ஒரு சத்தம். ஓரத்துல ஒரு பெட்டி. நான் அடுப்பை அணைச்சுட்டு ஓடி வர்றதுக்குள்ள போயிடறாங்க."

"எதுக்கும்மா ஓடி வர்றீங்க? அது பாட்டுக்கு வந்துட்டுப் போகட்டுமே."

"இல்ல தம்பி, ஓடித்தான் வரணும். நீங்க ஒரு எட்டு வந்து பாருங்களேன்" என்றார்.

போனேன். லிப்ட் ஓடவில்லை. மாடி ஏறியதிலேயே பாதிப் பொறுமை போய்விட்டது. கதவைத் திறந்த அம்மாவுக்கு மெலிந்த உடம்பு, நரைத்த தலை. கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கூடத்தில் கணினி மேசை சமையலறை வாசலைப் பார்த்தபடி போடப்பட்டிருந்தது. வழியில் எந்தச் சாமானும் இல்லை. நாற்காலிகூடப் பின்னால் இழுத்துத் தயாராக இருந்தது. அடுப்படியிலிருந்து ஓடிவந்து உட்கார இடைஞ்சல் இருக்கக் கூடாது என்று வீட்டையே ஒதுக்கி வைத்திருக்கிறார் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

உட்கார்ந்ததும் ஆரம்பித்தது கச்சேரி. டிங். 'அன்பான பயனர், உங்கள் கணினி மிகக் கடும் நோயில் உள்ளது. உடனே சொடுக்கிக் காப்பாற்று.' டிங். 'வாழ்த்துகள், நீங்கள் இன்று அதிர்ஷ்ட மனிதர் ஆகும்.' டிங். 'ஒரு நபர் உங்களுடன் பேச வெகுநேரம் காத்திருக்கிறார்.' திருடுகிறவன் திருடிவிட்டுப் போகட்டும், இந்தத் தமிழையாவது விட்டுவைக்கக் கூடாதா? நான் வாய்விட்டே திட்டினேன்.

"நோய்னு போட்டிருந்தா எனக்குப் பதறுது தம்பி. அதுல தொட்டா குணமாகும்னு போட்டிருந்துச்சு. தொட்டேன். அப்புறம் இன்னும் நாலு பேர் சேர்ந்துட்டாங்க."

தொட்ட இடத்தில் 'சுத்தம் செய்யும் மென்பொருள்' என்ற பெயரில் ஒரு பீடை உள்ளே இறங்கி உட்கார்ந்திருந்தது. அது போதாதென்று உலாவியின் அமைப்புகளைத் திறந்து, அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்ற தளங்கள் யார் யார் என்று பார்த்தேன். கீழே, கீழே, இன்னும் கீழே உருட்டிக்கொண்டே போனேன். முடிகிற வழியாக இல்லை. ஒரு தளத்துக்குள் போனதும் மேலே மூலையில் ஒரு சின்னப் பெட்டி வந்து, 'அறிவிப்புகளைக் காட்ட விரும்புகிறது' என்று சொல்லி 'அனுமதி', 'தடு' என இரண்டு பொத்தான்களை நீட்டும். கேட்ட ஒருத்தரைக்கூட விடாமல் அந்த அம்மா எல்லாருக்கும் 'அனுமதி' அழுத்தியிருந்தார்.

"ஏம்மா, ஒரு இடத்துலயாவது தடுன்னு அழுத்தியிருக்கக் கூடாதா?"

"நான் ஆஸ்பத்திரி அட்மிஷன் கவுண்டர்ல இருந்தவ தம்பி. ரிட்டயர் ஆகிற வரைக்கும் அதே நாற்காலி. எங்க சீட்டுல அனுமதின்னா ஒரே அர்த்தம்தான். கட்டில் இருக்கு, உள்ள வாங்கன்னு. கட்டில் இல்லேன்னா நடையில ஸ்ட்ரெச்சரைப் போட்டாவது படுக்க வைப்போம். வாசல் வரைக்கும் வந்து அனுமதி கேக்கறவங்களை முகத்துல அடிச்ச மாதிரி போன்னு எப்படித் தம்பி சொல்றது?"

"இவனுங்க நோயாளி இல்லம்மா. நோயே இவனுங்கதான்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை கழுத்து வரை கிடந்தது. அந்தப் பீடை மென்பொருளைப் பிடுங்கி எறிந்தேன். உலாவியில் தானாக ஒட்டிக்கொண்டிருந்த எக்ஸ்டென்ஷன்களை நீக்கினேன். வைரஸ் தடுப்பானை முழுச் சோதனைக்கு ஓடவிட்டேன். அது மெதுவாகத்தான் ஓடும். அந்த நேரத்தில் அந்த அம்மா பின்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார். பையன் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்க்கிறான். நடுக்கடலில் பேச முடியாது. துறைமுகத்துக்குக் கப்பல் வந்தால், அங்கே வைஃபை கிடைத்தால், கூப்பிடுவான். கிளம்புவதற்கு முன் இந்தக் கணினியை முழுக்கத் தமிழில் மாற்றிவைத்து, அழைப்புக்கு என்று ஒரு பக்கத்தையும் திறந்துவைத்துவிட்டுப் போனான். அவன் கூப்பிட்டால் டிங் என்று மணியடித்து மூலையில் பெட்டி வரும். தன்னிடம் இருக்கிற பழைய பட்டன் போனில் முகம் தெரியாது. இதில் தெரியும்.

"எந்த டிங்கு அவனோடதுன்னு தெரியாம எல்லா டிங்குக்கும் ஓடறேன் தம்பி. போன வாரம் ஈரத் தரையில வழுக்கிட்டேன்கூட."

"உம்" என்றேன். காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. அந்தச் சமயத்தில் நான் அனுமதிப் பட்டியலை மொத்தமாக அழித்துக்கொண்டிருந்தேன். ஏகப்பட்ட பக்கங்கள் திறந்துகிடந்தன. எது நல்லது எது கெட்டது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கப் பொறுமையில்லாமல் எல்லாவற்றையும் ஒரேயடியாக மூடினேன். உலாவியைப் புதுப்பித்தேன். கூடம் கப்சிப் என்று ஆனது.

"இனிமே எந்தப் பெட்டி வந்து என்ன கேட்டாலும் தடுன்னு அழுத்துங்க. யோசிக்கவே யோசிக்காதீங்க."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும். யாரா இருந்தாலும்."

"தெரிஞ்சவங்க வந்தா?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னேன்: "கம்ப்யூட்டர்ல தெரிஞ்சவங்கன்னு யாருமே கிடையாதும்மா."

நல்ல பதில் சொன்னதாக நினைப்பு வேறு. கடைக்கு வந்து ஜெராக்ஸ் அக்காவிடம்கூட அதைச் சொல்லிக் காட்டினேன்.

பல வாரங்கள் கழித்து மறுபடியும் போன் வந்தது. குரல் தேய்ந்து போயிருந்தது.

"தம்பி, கம்ப்யூட்டர் சத்தமே போடலை. ரிப்பேரா?"

"அதுக்குத்தானேம்மா வந்து சரி பண்ணினேன். சத்தம் போட்டாத்தான் ரிப்பேர்."

"இல்ல... ரொம்ப அமைதியா இருக்கு. முன்னாடி பொய்யோ புரட்டோ, யாராவது வந்துட்டாவது இருந்தாங்க."

வள்ளென்று விழ வாயெடுத்தேன். என்னவோ, விழவில்லை. அன்று காலையிலிருந்து என் கடைக்கும் ஒரு ஈ காக்காய் வரவில்லை. பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

வீட்டில் எல்லாம் பழையபடியே இருந்தது. ஒரே ஒரு மாற்றம். நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவைத்திருந்தார். ஓடிவந்து உட்கார இனி அவசரம் இல்லை என்பதுபோல் அது உள்ளே போயிருந்தது.

"பையன் எப்படிம்மா இருக்கான்?" என்று கேட்டேன். அப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறேன்.

"நல்லா இருப்பான். கப்பல் கரைக்கு வந்திருக்கணும். வந்து, கிளம்பியும் போயிருக்கும். கூப்பிடலை." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "கல்யாணம் ஆகாத பையன். மாசக்கணக்கா இரும்புச் சத்தத்துக்குள்ள கிடந்துட்டுக் கரையில இறங்கினா நாலு இடம் சுத்திப் பாக்கத்தானே தோணும். அம்மாவா ஞாபகத்துக்கு வருவா? நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். ஆனாலும் கப்பல் கரையில நிக்கவேண்டிய ரெண்டு நாளும் நாற்காலியை விட்டு எழுந்திரிக்கல தம்பி. குளிக்கக்கூடப் போகலை."

எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. அழைப்புப் பக்கத்தைத் திறந்தேன். முகவரிப் பட்டையில் மணி படம், குறுக்கே ஒரு கோடு. 'இந்தத் தளத்தின் அறிவிப்புகள் தடுக்கப்பட்டுள்ளன.'

"இந்தப் பக்கம் உங்களை ஏதாவது கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சே. நீங்க வந்துட்டுப் போன மறுநாளு, எதுக்கும் இருக்கட்டும்னு அதை நானேதான் திறந்தேன். உடனே பெட்டி வந்து அனுமதியா, தடுவான்னு கேட்டுச்சு. கொஞ்ச நேரம் யோசிச்சேன். அப்புறம் யோசிக்காதீங்கன்னு நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. தடுன்னுட்டேன். பக்கத்தையும் மூடிட்டேன். யாரா இருந்தாலும்னு சொன்னீங்களே."

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை 'தடு' அழுத்தியிருக்கிறார். அது தன் பிள்ளைக்கு.

பக்கம் மெதுவாக இறங்கி வந்தது. தவறிய அழைப்பு. அதற்குக் கீழே தவறிய அழைப்பு. அதற்குக் கீழேயும் அதேதான். கடைசியில் அவன் தட்டச்சு செய்துவிட்டுப் போன ஒரு வரி: 'அம்மா வீட்ல இல்லையா? கப்பல் கிளம்புது, சிக்னல் போயிடும். அடுத்த துறைமுகத்துல கூப்பிடறேன்.'

திரையை மறைத்துக்கொண்டு ஒரு நொடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். சொல்லாமல் விட்டுவிடலாம். சரிசெய்துவிட்டு எழுந்து போய்விடலாம். அவருக்குத் தெரியவே போவதில்லை. அந்த எண்ணம் வந்தது நிஜம். ஆனால், மகன் தன்னை மறந்துவிட்டான் என்று நம்பிக்கொண்டு அவர் அந்த நாற்காலியை இன்னும் எத்தனை நாள் உள்ளே தள்ளிவைத்திருப்பார்? நகர்ந்து உட்கார்ந்தேன்.

"அம்மா, தப்பு என்மேலதான். நான் சொன்னதுனாலதான் மணி அடிக்கலை. இங்க பாருங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். எனக்கு நாலு அறை விட்டால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். நான் எத்தனை பேரிடம் எரிந்து விழுந்திருக்கிறேன், எனக்கு ஒருத்தர் திருப்பிக் கொடுத்தால் என்ன?

"கூப்பிட்டிருக்கானா?" என்றார்.

"ஆமாம்மா."

"இதெல்லாம் அவனா?"

"எல்லாமே அவன்தாம்மா."

"கூப்பிட்டிருக்கான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முகம் அப்படியே மலர்ந்து போனது. "பாருங்களேன், விடாம கூப்பிட்டிருக்கான். நான்தான் புத்தி கெட்டுப்போய் என்னென்னவோ நெனச்சுட்டேன். உக்காருங்க தம்பி, டீ போடறேன்."

அவர் சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை. அந்தத் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

குடித்த பிறகு தடையை நீக்கிவிட்டுப் பக்கத்தை மறுபடி திறந்தேன். மூலையில் பெட்டி வந்தது. அனுமதி. தடு. அவர் சுட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அழுத்தாமல் என் முகத்தைப் பார்த்தார்.

"அழுத்தலாமா?"

எத்தனையோ பேரை உள்ளே விட்ட கை அது. இப்போது என்னைக் கேட்டு நிற்கிறது. "உங்க வீடும்மா. நீங்களே பாத்து அழுத்துங்க. பேர் தெரிஞ்சா அனுமதி, தெரியலேன்னா தடு. அவ்வளவுதான்" என்றேன். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் என் வாயிலிருந்து முத்தா உதிர்ந்திருக்கும்?

அனுமதி அழுத்தினார். நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டுவிட்டுத்தான் நான் படியிறங்கினேன்.

கடைக்கு வந்ததும் மணி அடிக்கிறதா என்று பார்க்க என் கணினியில் அதே அழைப்புப் பக்கத்தைத் திறந்து கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"டெஸ்டும்மா. நான்தான்."

"ஓ, நீங்களா. நல்லாக் கேக்குது தம்பி. முகமும் தெரியுது. ஏன் இப்படிக் கடுகடுன்னு இருக்கீங்க?"

"என் முகமே அப்படித்தாம்மா."

மறுநாள் மதியம், கடையில் ஆள் இல்லாத நேரத்தில், எதற்கும் இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று கூப்பிட்டேன். அதற்கு அடுத்த நாளும் கூப்பிட்டேன். "டெஸ்டா?" என்பார். "டெஸ்டுதாம்மா" என்பேன். அதற்குப் பிறகு பேச்சு எங்காவது போகும். ஆஸ்பத்திரியில் ஒருவர் தன் மாமியாரை அனுமதிக்க வந்து, படிவத்தில் தன் பெயரையே எழுதிக் கொடுத்துவிட, கடைசியில் ஊழியர்கள் அவரையே சக்கர நாற்காலியில் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போன கதையைச் சொல்வார். நான் என் வாடிக்கையாளர்களை ஒருவர் விடாமல் வைவேன். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். ஒருநாள், "தம்பி, சாப்டீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்தேன். "இன்னும் இல்லம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் குரல் கம்மிவிட்டது. இணைப்புச் சரியில்லை என்று அவர்மேல் பழியைப் போட்டுச் சமாளித்தேன்.

ஒரு தடவை அடித்த மணி மறுநாளும் அடிக்கும் என்பது தெரியாத ஆள் இல்லை நான். தெரிந்தேதான் கூப்பிட்டேன். அவருக்கும் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

நேற்று மதியம் கூப்பிட்டேன். மணி போகவில்லை. திரையில் ஒரு வரி வந்தது: 'இவர் வேறு அழைப்பில் இருக்கிறார்.'

எனக்குச் சுள்ளென்று ஏறியது. எந்தத் திருட்டுப் பயல் மறுபடி உள்ளே நுழைந்தான், எந்தப் பெட்டிக்கு இந்த அம்மா அனுமதி கொடுத்துத் தொலைத்தார் என்று சாவிக்கொத்தைக் கையில் எடுத்து, பாதி எழுந்தும்விட்டேன். மேலே படியில் யாரோ தடதடவென்று இறங்கினார்கள். அந்தச் சத்தத்தில்தான் புத்தி தெளிந்தது. அந்த அம்மாவுக்கு இதில் தெரிந்தவர் நான் ஒருவன் மட்டும் இல்லையே. கப்பல் கரைக்கு வந்துவிட்டது.

உட்கார்ந்தேன். சும்மா சொல்லக் கூடாது, சந்தோஷமாகத்தான் இருந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். வேறு அழைப்பில் இருக்கிறார். ஒரு கீபோர்டைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு மறுபடி பார்த்தேன். இன்னும் பேசிக்கொண்டிருந்தார். பேசட்டும், இத்தனை மாதப் பேச்சு பாக்கி இருக்கிறது. மணி அடிக்கிறதா என்று இனிமேல் யாரும் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. அது அடித்துவிட்டது. அந்த நினைப்பு வந்ததும் கடை முன்னைவிடச் சின்னதாகத் தெரிந்தது. நாளை மதியம் என்ன காரணம் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

திரையை மூடப் போனேன். அப்போதுதான் மேலே மூலையில் அந்தச் சின்னப் பெட்டி கண்ணில் பட்டது. அழைப்புப் பக்கம் என்னையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. 'அறிவிப்புகளைக் காட்ட விரும்புகிறது.' நான் இத்தனை நாளும் அதைப் படிக்காமலே பெருக்கல் குறியைத் தட்டித் தட்டி விரட்டியிருக்கிறேன். தொழில் பழக்கம். கூப்பிடுவது எப்போதும் நான்தான். என்னை யார் கூப்பிடப் போகிறார்கள் என்ற எண்ணம்தான். அந்த அம்மாவே கூப்பிட நினைத்தால்கூட என் கடையில் மணி அடிக்காது.

அனுமதி என்று அழுத்தினேன். ஸ்பீக்கர் ஒலியைக் கூட்டிவைத்தேன்.

இருட்டத் தொடங்கியது. வளாகத்தில் ஒவ்வொரு கடையாக ஷட்டர் இறங்கியது. ஜெராக்ஸ் அக்கா பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு என் வாசலில் வந்து நின்றாள்.

"என்ன வைரஸ், கடையை மூடலையா?"

"நீ போக்கா. இன்னும் ஒரு டெஸ்ட் பாக்கி இருக்கு" என்றேன்.